மாமனாரும் கௌதாரியும் ஒரு ரெட்டைக் குழலும்

எனக்கும் துப்பாக்கிக்கும் இருந்த உறவு தீபாவளி ரோல் கேப்போடு முடிந்துபோன ஒன்று. அதையும் கையை முழுசாக நீட்டி, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் வெடிப்பேன். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடும், வெடியை அல்ல, என்னை. அப்படிப்பட்டவன் ஐம்பதைத் தொட்ட வயதில், மேல்பட்டாம்பாக்கத்தில் மாமனார் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சங்கரா மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாமனார் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"துப்பாக்கிய மாப்ள பேருக்கு மாத்திடலாம்னு இருக்கேன்."

எனக்குத் தொண்டையில் முள் இறங்கிவிட்டது. என் மனைவி வெறும் சோற்றை உருண்டை பிடித்து என் கையில் வைத்து, "முழுங்குங்க" என்றாள். குரலில் ஈரமே இல்லை. நான் முழுங்கினேன். முள் போய்விட்டது, துப்பாக்கி போகவில்லை.

அது ஒரு ரெட்டைக் குழல் துப்பாக்கி. இரண்டு குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, நடுவில் மடக்கினால் கதவு போலத் திறந்துகொள்ளும். மாமனார் தன் கல்யாணத்துக்கு முன்பே குமராட்சிப் பக்கம் ஒரு பெரிய பண்ணைக்காரரிடம் பழசாக வாங்கியது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ். கரும்புக் கொல்லைக்குப் பன்றி வந்தால் வானத்தைப் பார்த்து ஒன்று போடுவார், அவ்வளவுதான் அதன் உத்தியோகம். ஆனால் அதற்கு ஒரு வாலிபக் காலம் இருந்தது. பண்ருட்டிக்கு மேற்கே செம்மண் மேட்டில் முந்திரிக்காடுகளில் அவர் கௌதாரி வேட்டைக்குப் போன காலம். இப்போது கௌதாரி மேல் கை வைத்தால் ஜெயில். அப்போது யாரும் பெரிதாகக் கேட்டதில்லை.

அந்தக் கதைகளை எனக்குச் சொன்னவர் மாமியார். கல்யாணமான புதிதில் நான் விருந்துக்குப் போனபோது கோழி வைத்துவிட்டு, குற்றம் செய்தவர் மாதிரி நின்றார். "இப்பல்லாம் கௌதாரி கெடைக்கிறதில்ல மாப்ள. அந்தக் காலத்துல ஒங்க மாமா போனாருன்னா ஒரே வெடி, ரெண்டு கௌதாரி. வெறுங்கையோட வந்ததே கெடையாது." மாமனார் மீசையைத் தடவிக்கொண்டு தட்டைப் பார்த்தார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு எத்தனை விருந்து, எத்தனை தடவை அந்த ஒரே வெடி! மாமியார் போய்ச் சேர்ந்த வீட்டிலும், பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "அந்தம்மா கையால கௌதாரி வறுவல் சாப்புட்டவன் இன்னமும் வெரல மோந்து பாத்துக்குறான்" என்று.

இப்போது மாமனாருக்குக் கை நடுங்குகிறது. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்கிறார். லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய நேரம். வயதானவர்கள் வாரிசு பேருக்கு மாற்றிக்கொள்ளலாம், மருமகன்கூட அந்தப் பட்டியலில் உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு ஒரே பெண். அந்தப் பெண்ணைத்தான் நான் கட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் நாங்கள் சிதம்பரத்துக்குப் பாசஞ்சர் ஏறினோம். சிதம்பரத்தில் எனக்கு ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை. நெல்லிக்குப்பம் தாண்டியும் மனைவி பேசவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் வண்டி நின்றபோது சுண்டல் வாங்கி நீட்டினேன். வாங்கிக்கொண்டு, ஒரு கடலையைக்கூட வாயில் போடாமல் சொன்னாள்:

"என்ன ஒரு வார்த்த கேக்கலல்ல?"

"எத?"

"துப்பாக்கிய. நான்தான பொண்ணு? நீங்க அது குண்டு எந்தப் பக்கம் போடணும்னு தெரியாத ஆளு. நான் அத ஏழு வயசுல தொடச்சவ."

"ஒனக்கு வேணுமா அது?" எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

"வேணுமா வேணாமான்றது அப்புறம். கேக்கணும்ல? எங்கப்பா வாயால, 'பாப்பா, நீ வச்சிக்கிறியா'ன்னு. அது போதும் எனக்கு."

ஆலப்பாக்கம் வரை யோசித்து எனக்கு ஒரு பிரமாதமான வழி கிடைத்தது. "நாளைக்கே மாமாவுக்கு போன் போட்டு, எனக்குப் பயமா இருக்கு, வேணாம்னு சொல்லிடறேன். பொய்கூட இல்ல பாரு. அப்ப தானா ஒனக்கு வந்துடும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் சுண்டல் அவிந்தே போயிருக்கும், ஏற்கெனவே அவிந்திருந்ததால் தப்பித்தது. "நீங்க வேணாம்னு தள்ளுன மிச்சம் எனக்கு எதுக்கு? அப்படி வந்தா நான் தொடமாட்டேன்."

எனவே நான் வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது, வேண்டும் என்றும் சொல்லக் கூடாது. இந்த நிலையில்தான் தேர்தல் அறிவித்தார்கள்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். முடிந்ததும் திரும்பத் தருவார்கள். மாமனாருக்கு அது ஒரு திருவிழா. முந்தின நாளே துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வெளுத்த வேட்டியில் சுற்றிவைப்பார். மறுநாள் தும்பைப்பூ மாதிரி சட்டை போட்டுக்கொண்டு, பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற தகப்பன் மாதிரி எடுத்துப் போவார். இந்த முறை கை நடுக்கத்தால் எங்களைக் கூப்பிட்டார். "மாப்ளையும் கத்துக்கணும்ல" என்றார். கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம்.

கூடத்தில் பாய் விரித்து, அதன் மேல் பழைய போர்வை போட்டு, துப்பாக்கியை வைத்தார். கிட்டத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. குழல்கள் நீலங்கலந்த கறுப்பு. பின்கட்டை தேக்குபோல இருக்கும், தேக்கு இல்லையாம், வால்நட் என்றார். நான் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"எடுங்க மாப்ள. கடிக்காது."

எடுத்தேன். நான் நினைத்ததைவிடக் கனம். குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்தினேன். மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்பா, இரு. நான் சொல்லித் தரேன்" என்று பாயில் உட்கார்ந்தாள். "மொதல்ல எப்பவும் தெறந்து பாக்கணும். உள்ள ஒண்ணும் இல்லன்னு நீங்க சத்தியமே பண்ணாலும் தெறந்து பாக்கணும்." மேலே இருந்த சின்ன நெம்புகோலைக் கட்டைவிரலால் தள்ளினாள். துப்பாக்கி மடங்கித் திறந்தது. இரண்டு ஓட்டைகள் வழியாக வாசல் வெளிச்சம் தெரிந்தது. "காலி. பாத்தீங்களா? இப்ப இந்த முன்கட்டைய இப்படி இழுத்தா கழண்டு வரும்." வந்தது. "குழல் தனியா வந்துடும்." வந்தது. பீன்ஸ் நாரெடுப்பதுபோல மூன்று துண்டாக்கிப் பாயில் வரிசையாக வைத்துவிட்டாள்.

"ரெண்டு டிரிகர் எதுக்கு?" என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே.

"ரெண்டு குழல் இல்ல? முன்னாடி டிரிகர் வலது குழலுக்கு. அது வாய் அகலம், தோட்டாக்குள்ள இருக்கற ஈய ரவை பரவலாப் போவும், கிட்ட எழும்புற பறவைக்கு. பின்னாடி டிரிகர் இடது குழலுக்கு. அது வாய் கொஞ்சம் சுருக்கம், ரவை நெருக்கமா தூரமாப் போவும். மொதல் வெடி தப்பிச்சுன்னா பறவ அதுக்குள்ள தூரம் போயிடும்ல, அதுக்கு ரெண்டாவது."

"தப்பிக்கிறதுக்குன்னு தனியா ஒரு குழலே வச்சிருக்கானா? நல்ல மனுஷன்யா இத செஞ்சவன்."

மாமனார் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பேசப் பேச அவருக்கு முகம் மலர்ந்ததா வாடியதா என்று எனக்குப் புரியவில்லை. "எல்லாம் ஞாபகம் வச்சிருக்கா" என்றார், என்னிடம்தான். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

குழலுக்குள் எண்ணெய்த் துணியை விட்டு எடுத்தாயிற்று. மறுபடி பூட்டி என் கையில் கொடுத்தாள். "தோள்ல வச்சிப் பாருங்க. கன்னம் கட்டையில ஒட்டணும்." தோளில் வைத்தேன். என் மூக்குக் கண்ணாடி கோணிக்கொண்டு நெற்றிக்குப் போனது. சரிசெய்து மறுபடி வைத்தேன். மறுபடி கோணியது.

இங்கேதான் என் தொழில் குறுக்கே வந்தது. மற்ற எதிலும் நான் சுமார்தான். ஆனால் கோணல் என்று ஒன்று இருந்தால் என் கண்ணுக்குத் தப்பாது. படுத்துக்கொண்டே டிவி பார்த்து நெளித்த ஃபிரேம், பேரப்பிள்ளை உட்கார்ந்து நசுக்கிய ஃபிரேம் என்று நாளெல்லாம் அதுதானே வேலை. காதுக் கம்பியைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, பின்னாலிருந்து ஒரு பார்வை பார்த்தால் எந்தப் பக்கம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதே மாதிரி துப்பாக்கியைத் தூக்கிப் பின்கட்டைப் பக்கமிருந்து பார்த்தேன். குழல்கள் நேராகப் போயின. கட்டை மட்டும் இடது பக்கம் ஒரு விரல் கனத்துக்கு ஒதுங்கியிருந்தது.

"மாமா, இது கோணல்."

"என்னாது கோணல்?"

பீரோ கண்ணாடி முன்னால் போய் நின்றேன். திறந்து பார்த்து, காலி என்று மனைவிக்கும் காட்டிவிட்டு, வலது தோளில் வைத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். என் கண் குழலுக்கு நேர் மேலே தெரிய வேண்டும். தெரியவில்லை, இடப்பக்கம் தள்ளித் தெரிந்தது. இடது தோளுக்கு மாற்றினேன். கண் வந்து கச்சிதமாகக் குழல் மேல் உட்கார்ந்துகொண்டது. மூக்குக் கண்ணாடிகூட அசையவில்லை.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. துப்பாக்கி விஷயத்தில் நான் ஒன்றைக் கண்டுபிடிப்பேன் என்று யார் எதிர்பார்த்தார்கள்? "வளைஞ்சு போனதில்ல மாமா, வேணும்னே வளைச்சிருக்கான்! இது எடக்கைக்காரனுக்குச் செஞ்ச துப்பாக்கி. நம்மள மாதிரி சோத்துக்கைக்காரன் வச்சா எல்லாம் எடப்பக்கம்தான் போவும். இதுல சுட்டா பறவைக்கு ஆயுசு நூறு!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டு எண்ணெய்த் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மாமனார் என் கையிலிருந்த துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பண்ணக்காரரு எடது கையாலதான் கையெழுத்துப் போட்டாரு" என்றார் மெதுவாக. "இத எனக்கு வித்தப்ப. எதுக்க ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எடது கையில எம்மாம் அழகா எழுதறாருன்னு நெனச்சேன். அவ்ளதான் நெனச்சேன்."

எழுந்து உள்ளே போய், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மனைவி என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "ஒங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்."

"கட்டை கோணல்னு சொன்னேன். அதுல என்னா தப்பு?"

"எங்கப்பா ஒரு கௌதாரிகூட சுட்டதில்ல."

நான் வாயைத் திறந்து, பூட்டு ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

அவள் சொன்னாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது தோட்டாப் பையை மாட்டிக்கொண்டு அவள்தான் கூடப் போவாளாம். விடியும்போதே முந்திரிக்காட்டில் இருப்பார்கள். சருகுக்கு அடியிலிருந்து கௌதாரி விர்ரென்று கிளம்பும். இவர் இரண்டு குழலையும் தீர்ப்பார். இலை உதிரும். கௌதாரி போய்விடும். வெயில் ஏறியதும் இரண்டு பேரும் பண்ருட்டி ரோட்டுக்கு வருவார்கள். அங்கே வலை போட்டுப் பிடித்த பறவைகளை மூங்கில் கூடையில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். இவர் இரண்டு வாங்கி, அங்கேயே கழுத்தைத் திருகி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மகளை ஒரு பார்வை பார்ப்பாராம்.

"யார்ட்டயும் சொல்லாதன்னு வாய் தெறந்து சொன்னதே இல்ல. நானும் சொன்னதில்ல. ஒங்ககிட்டகூட. அப்புறம் நான் பெரிய மனுஷியானேன். மஞ்ச தண்ணி ஊத்துன வருஷத்தோட கூட்டிட்டுப் போறத நிறுத்திட்டாரு. பொட்டப் புள்ளைக்கு இனிமே என்னா வேட்டைன்னு. இப்பயும் அதேதான், பொட்டப் புள்ளைக்கு எதுக்குத் துப்பாக்கின்னு." எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கு அவரு வாயத் தெறக்கற நேரம் வந்துச்சு. நான் ஒவ்வொண்ணா கழட்டறப்ப பாத்தாரு, 'நீ வச்சிக்கிறியா'ன்னு கேக்க வந்தாரு. நீங்க கண்ணாடிக் கடைய எடுத்துக்கிட்டு உள்ள பூந்துட்டீங்க."

இருட்டும் முன் மாமனார் எழுந்து வந்தார். துப்பாக்கியை வேட்டியில் சுற்றினார். சந்தனமும் வைக்கவில்லை, குங்குமமும் வைக்கவில்லை.

"நாளைக்கு ஸ்டேஷன்ல குடுக்கறப்ப, திரும்ப வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். போன்லயும் சொல்லிட்டேன். அவுங்களே என்னாவோ பண்ணிக்கட்டும். யார் பேருக்கும் மாத்த வேணாம்."

"மாமா, நான் சொம்மா ஒளறினேன்..."

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க மாப்ள" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஆட்டோவில் போனோம். தும்பைப்பூச் சட்டை இல்லை, நேற்றுப் போட்டிருந்த அதே சட்டை. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் அவர், இரண்டு பக்கமும் நாங்கள். நான் ஒரு ஜோக்கை நாக்கு நுனி வரை கொண்டுவந்து, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன்.

ஸ்டேஷன் வாசலில் மணல் வண்டிகள், டிராக்டர், கேஸில் பிடித்த பைக்குகள் எல்லாம் கொடி ஏறிக் கிடந்தன. உள்ளே பெண் ஏட்டு ஒருவர் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, வெளியே பெஞ்சைக் கையால் காட்டினார். புங்க மரத்தடியில் உட்கார்ந்தோம். மனைவி அப்பா பக்கத்தில், நான் பெஞ்சின் கடைசியில், பாதி உடம்பு வெளியே.

கொஞ்ச நேரம் கழித்து மாமனார் பேசினார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை, எதிரே இருந்த டிராக்டரைப் பார்த்துப் பேசினார்.

"பாப்பா, ஒன்ன கூட்டிட்டுப் போறத ஏன் நிறுத்துனேன்னு நெனைக்கிற?"

"நான் வயசுக்கு வந்துட்டேன்னு."

"அதெல்லாம் ஒங்கம்மா பேச்சு. நான் அதுக்கு நிறுத்தல." துப்பாக்கி மேல் வேட்டியை இழுத்துவிட்டார். "சின்னப் புள்ளையா இருந்தப்ப, நான் தப்பவிட்டா நீ கைதட்டி சிரிப்ப. கௌதாரி ஜெயிச்சிடுச்சும்ப. எனக்கும் சிரிப்பு வரும். அந்த வருஷம் ஒரு நாளு, ரெண்டு வெடியும் போச்சு. நீ சிரிக்கல. என் கையத் தொட்டு, 'பரவால்லப்பா'ன்ன. அத என்னால தாங்க முடியலம்மா. எம் பொண்ணு என்னப் பாத்து எரக்கப்படற மாதிரி ஆயிட்டேனேன்னு. அன்னையோட நிறுத்துனேன்."

மனைவி துப்பாக்கி மேலிருந்த வேட்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பயும் அதான். ஒனக்குக் குடுத்தா, நீ பீரோவத் தெறந்து அதப் பாக்கறப்பல்லாம் ஒனக்கு நான் தப்பவிட்டதுதான் ஞாபகம் வரும். மாப்ளைக்கு ஒண்ணும் தெரியாது. ஒரே வெடி, ரெண்டு கௌதாரின்னு நம்பிக்கிட்டு இருப்பாரு. அவருகிட்ட இருந்தா நான் கொஞ்சம் பெரிய ஆளா இருப்பேன்."

என் வாழ்க்கையில் எனக்கு ஒன்றும் தெரியாது என்பதையே தகுதியாக வைத்து எதையாவது கொடுக்க நினைத்த ஒரே மனுஷன் அவர்தான். நான் டிராக்டரைப் பார்த்தேன். அதைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்பா" என்றாள் மனைவி. "அம்மாவுக்குத் தெரியும்."

"என்னா தெரியும்?"

"எல்லாம். அந்தக் கௌதாரிய யாரு கழுவுனா? அம்மாதான? ஒடம்புல ஒரு ஓட்ட இருக்காது. ஒரு ரவை இருக்காது. நம்ம வீட்ல சாப்புட்ட ஒருத்தருக்காவது பல்லுல ரவை மாட்டியிருக்கா? கழுத்து மட்டும் திருகியிருக்கும். ஒரு நாளு என்னக் கூப்புட்டுக் கேட்டாங்க, 'ஏண்டி, ஒங்கப்பா கௌதாரிய சுடறாரா, இல்ல கழுத்தப் புடிச்சி சண்ட போடறாரா'ன்னு."

மாமனார் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லிட்டியா?"

"நான் சொல்லல. தெரியாதுன்னேன். அம்மா சிரிச்சாங்க, அவ்ளதான்."

"அப்புறம் ஏன் அவ ஊரெல்லாம்... ஒரே வெடி, ரெண்டு கௌதாரின்னு..."

"நானும் கேட்டேன். ஏம்மா பொய் சொல்றன்னு. அந்தப் பையக் கொண்டாந்து அடுப்படியில வைக்கறப்ப ஒங்கப்பா மூஞ்ச நீ பாத்திருக்கியான்னாங்க. அத தெனம் பாக்கறதுன்னா நான் இன்னம் பெரிய பொய்யாவே சொல்லுவேன்னாங்க."

மாமனார் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு தோள் குலுங்கிய விதத்தில் அது சிரிப்பு என்று தெரிந்தது. பிறகு மறுபடி இரண்டில் எது என்று தெரியவில்லை. "அடிப்பாவி" என்றார், போய்ச் சேர்ந்துவிட்ட மனைவியை. "அடிப்பாவி. மீசையத் தடவ விட்டுட்டு வேடிக்க பாத்திருக்கா. கடசி வரைக்கும் வாயத் தெறக்கல பாரு." சொல்லிவிட்டு நெடுநேரம் துண்டை முகத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். மனைவி அவர் முதுகில் கையை வைத்தாள். பரவாயில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் என்னைவிடப் புத்திசாலி.

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். மடியிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பாப்பா, இத நீ வச்சிக்கிறியா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி இன்னும் கொஞ்ச நேரம் காற்றில் இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. "மாப்ளைக்கு வேணாம்னு கேக்கறியா, என்னத்தான் கேக்கறியா?"

"மாப்ளைய யாரு கேட்டா? ஒன்னத்தான் கேக்கறேன்."

"வச்சிக்கிறேன்பா" என்றாள். குரல் ஏழு வயசுப் பிள்ளையினுடையதாக இருந்தது.

நான் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து, இருபத்து மூன்று வருஷம் குடித்தனம் நடத்திய ஒருத்தியை அப்படி ஒரு முகத்தோடு முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் சொன்னது எந்த மாதிரி முகம் என்று புரிந்தது. அப்பாவுக்கும் பெண்ணுக்கும் ஒரே அச்சு.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். போனோம். ஏட்டம்மா வேட்டியை விலக்கி, துப்பாக்கியின் நம்பரையும் லைசென்ஸையும் ஒத்துப் பார்த்தார்.

"போன்ல பேசுனப்ப திரும்ப வேணாம், ஒப்படைச்சிடறேன்னீங்களே பெரியவரே? அதுக்கு வேற மாதிரி எழுதணும்."

"வேணாம்மா. எலக்‌ஷன் முடிஞ்சதும் வாங்கிக்குவோம். எம் பொண்ணு பேருக்கு மாத்தணும், அதுக்கு என்னா பண்ணணும்னு சொல்லு."

ஏட்டம்மா மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டி மறுத்தேன், எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. "பயிற்சி எடுத்த சர்டிபிகேட்டு கேப்பாங்க. ஒங்களுக்கு சுடத் தெரியுமாம்மா?"

மனைவி பதில் சொல்வதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். "எனக்கே தெரியாதும்மா" என்றார், ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி. பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு திருடன்கூட நிமிர்ந்து பார்த்தான். அவன் திருடன்தானா என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஸ்டேஷனில் அவனைப் பார்த்தபோது எனக்கு அப்படித்தான் தோன்றியது, அவனுக்கும் என்னைப் பற்றி அப்படியே தோன்றியிருக்கும்.

ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ஆட்டோ வேண்டாம், நடக்கலாம் என்றார் மாமனார். மகள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ரோட்டின் நிழல் பக்கமாக நடந்தார். காலி வேட்டியை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நான் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

முன்னால் அவள் கேட்பது காதில் விழுந்தது. "ஏம்ப்பா, அத்தன வருஷத்துல ஒண்ணு கூடவா படல?"

"பட்டுச்சே."

"எது? நான் இருந்தப்பவா?"

"நீ அன்னைக்கு வரல. ஒனக்கு ஜுரம். பக்கத்துக் கொல்லைக்காரன் பம்புசெட்டு கொட்டாயில கூரைக்கு மேல சோத்து அண்டாவக் காய வச்சிருந்தான்."

"அய்யய்யோ. அப்புறம்?"

"அப்புறம் என்னா, ஓடியாந்துட்டேன். இன்னம் அவன் எவன் பண்ணான்னு தேடிக்கிட்டிருக்கான். நீ யார்ட்டயும் சொல்லாத."

இந்த முறை அவர் அதை வாயைத் திறந்தே சொன்னார். அவள் ரோட்டிலேயே நின்று, கையைத் தட்டிச் சிரித்தாள்.